தழை கிடந்த பாதை

நவம்பர் 19, ஞாயிறு

எழுதித் தீர்க்காவிட்டால் இன்று எனக்குச் சோறு இறங்காது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவள் நான். மழையானாலும் வெயிலானாலும் என் வரிசையில் ஒரு பிள்ளை பின்தங்கியதில்லை. ரிட்டயர் ஆனபிறகு இந்த ஞாயிறு நடைக் குழுவில் போய்ச் சேர்ந்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. பல் தேய்க்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆட்களோடு மலை ஏறினால் இப்படித்தான் ஆகும்.

குழுவில் பன்னிரண்டு பேர். மழை என்றதும் ஆறு பேருக்குத் திடீரென்று உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்துவிட்டது. மிச்சம் ஆறு பேரும் வக்கீலும் வத்தலக்குண்டிலிருந்து வேனில் கிளம்பினோம். வக்கீல் என் நாய். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டி, எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் குரைப்பான், அதனால் அந்தப் பெயர். தினமும் காலையில் மைதானத்தில் வேப்பங்கிளையை எறிவேன். ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போடுவான். மனுஷப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஒழுங்கு சொல்லிக்கொடுக்க எனக்கு மூன்று மாதம் பிடிக்கும். இவன் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான்.

அடிவாரத்தில் சின்னாண்டி உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றான். மேலே கொக்கிப்பாறைக்காரன், நாற்பது வயதிருக்கும். வெளியூர் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போக அந்த ஊர்க் கமிட்டி அவனுக்கு கைடு கார்டு கொடுத்திருக்கிறது. கிளம்பும்போதே எல்லாரையும் நிற்கவைத்து, வழக்கம்போலத் தழை விஷயத்தைச் சொன்னான். பாதை பிரிகிற இடத்தில், போகக்கூடாத பாதையின் குறுக்கே ஒரு பச்சைக் கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவது மலைக்காரர்கள் பழக்கம். காய்ந்த கிளை கணக்கில்லை, அது காற்றில் விழுந்ததாக இருக்கலாம். பச்சைத் தழை குறுக்கே கிடந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். மழையில் காலடித் தடம் அழிந்துவிடும், விசில் சத்தம் கேட்காது, தழையைப் பார்த்து வாருங்கள் என்றான். இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

அடைமழை. பாதையில் முழங்கால் வரை சேறு. நானும் சின்னாண்டியும் முன்னால், மெடிக்கல் ஷாப் தெய்வேந்திரன், அவர்தான் குழுவுக்குச் செயலாளர், அவரும் இன்னும் மூன்று பேரும் எங்களுக்குப் பின்னால். கடைசியில், எங்கேயோ கடைசியில், கோமதிநாயகம் சார். பேங்க் மேனேஜராக இருந்தவர், வயது அறுபத்தெட்டு. பத்தடிக்கு ஒருதரம் நின்று காலில் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். கண்ணாடியைத் துடைக்கிறார். பூவைப் போட்டோ எடுக்கிறார். வக்கீலுக்குக் கழுத்தில் கயிறு உரசிப் புண்ணாகிறதே என்று நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவன் இரண்டு தடவை அவரிடம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். நாய்க்குப் பொறுமை அதிகம்.

மூணுகல் பிரிவுக்கு வந்தோம். இடது பாதை கொக்கிப்பாறைக்கு, வலது பாதை சரிந்து ஓடைக்குப் போகிறது. சின்னாண்டி நாவல் மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்து வலது பாதையில் குறுக்கே போட்டான். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கடைசி ஆள் வரும்வரை இங்கேயே நிற்கலாம் டீச்சர் என்றான். உடம்பெல்லாம் நனைந்து விறைத்துப்போய் நிற்கிறோம், அந்த மனுஷன் எப்போது வருவார் என்று எந்த ஜோசியக்காரனுக்குத் தெரியும்? தழைதான் கிடக்கிறதே, படித்த மனுஷன், பார்த்து வருவார் என்று சொல்லி விசிலை ஊதிக் கிளப்பிவிட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. விசிலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். பின்தங்கியிருந்த வக்கீல் பாய்ந்து வந்தான். வாயில் இலையும் தழையுமாக ஒரு கிளை, அவன் உயரத்துக்கு மேல் நீளம். இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டு வாலை ஆட்டினான். கொட்டுகிற மழையிலும் பாடத்தை மறக்கவில்லை. சின்னாண்டிகூடத் திரும்பிப் பார்த்தான். சபாஷ் என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுக் கிளையைப் பள்ளத்தில் எறிந்தேன்.

கொக்கிப்பாறையில் கடுங்காப்பி குடித்து ஒரு மணி நேரமாகியும் கோமதிநாயகம் சார் வரவில்லை. சின்னாண்டி இறங்கி ஓடினான். மனுஷன் வலது பாதையிலேயே போய், ஓடைக்கு மேலே வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, நாலு மணி நேரம் மழையில் கிடந்திருக்கிறார். சின்னாண்டி அவரை முதுகில் சுமந்துகொண்டு பிரிவுவரை ஏறி, அங்கிருந்து அடிவாரத்துக்கு இறக்கினான். அத்தனை பெரிய தழை கண்ணில் படவில்லையாம். வேனில் அவருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்ததால் நான் ஒன்றும் கேட்காமல் வந்தேன். இல்லாவிட்டால் கேட்டிருப்பேன்.


நவம்பர் 20, திங்கள்

துணி ஒன்றும் காயவில்லை. அடுக்களையில் கொடி கட்டிப் போட்டேன், வீடு முழுக்க ஈர நாற்றம். வக்கீலின் காதுக்குள் இரண்டு அட்டைப்பூச்சி, உப்பு வைத்து எடுத்தேன்.

தெய்வேந்திரன் போன் செய்தார். கோமதிநாயகம் சாரைத் திண்டுக்கல்லில் சேர்த்திருக்கிறார்கள், கணுக்காலில் பிளேட் வைக்க வேண்டுமாம். இது போகட்டும். அந்த மனுஷன் என்ன சொல்கிறார் தெரியுமா? பிரிவில் தழையே கிடக்கவில்லையாம். சின்னாண்டி போடாமல் போய்விட்டானாம். எனக்கு வந்ததே கோபம். நான் பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன் என்று மூன்று தடவை சொன்னேன். தன் கண்ணில் கோளாறை வைத்துக்கொண்டு ஊரான் மேல் பழி போடுவதா? சரி சரி என்று தெய்வேந்திரன் போனை வைத்துவிட்டார்.


நவம்பர் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டுதான் போனேன், சண்டை போடப் போகவில்லை. ஆனால் போன ஐந்தாவது நிமிஷம் அவர் காகிதத்தை நீட்டினார். கமிட்டிக்குப் புகார். கைடு கவனக்குறைவாக நடந்துகொண்டார், தழை போடாமலே போட்டதாகப் பொய் சொல்கிறார், கார்டை ரத்து செய்யவேண்டும் என்று நம்பர் போட்டு எழுதியிருக்கிறார்.

"டீச்சர், நான் கண்ணாடியைத் துடைச்சுட்டு நல்லாப் பாத்தேன். ரெண்டு பாதையும் சுத்தமா இருந்துச்சு. தழை இல்லைன்னா அகலமான பாதைதானேன்னு அதுல இறங்கினேன்" என்றார்.

அவன் இல்லாவிட்டால் நீங்கள் அங்கேயே கிடந்திருப்பீர்கள், சுமந்து வந்தவனுக்கு இதுதான் கூலியா, முதலில் கண்ணைச் சோதித்துப் பாருங்கள் சார் என்று சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பேன் போல. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்து ஒருத்தி வெளியே போங்கள் என்கிறாள். அவள் வயதுக்கு என் சர்வீஸ் இருக்கும். சாத்துக்குடியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.


நவம்பர் 22, புதன்

காலையில் மைதானத்துக்குப் போனோம். வக்கீலுக்குக் கிளை எறியவில்லை. தோள்பட்டை வலி.


நவம்பர் 23, வியாழன்

யோசித்துப் பார்த்தால் ஆயிரம் காரணம் இருக்கலாம். மலையில் காற்று இல்லையா? குரங்கு இல்லையா? காட்டெருமை வந்து ஒரே வாயில் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். நாவல் தழை என்றால் ஆட்டுக்கு உயிர். மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். இதையெல்லாம் ஒருத்தரும் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள். அவன் போட்டானா, இவர் பார்த்தாரா என்று இரண்டே கேள்வியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று என்ன சட்டம்?

இட்லிக்கு மாவு ஆட்டினேன். இந்தக் குளிரில் புளிக்கவில்லை. வக்கீல் ஒரு விறகுக் குச்சியைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போட்டான். போடா அந்தப் பக்கம் என்று சத்தம் போட்டேன். வாலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவன் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.


நவம்பர் 25, சனி

கமிட்டி சின்னாண்டியின் கார்டைப் பிடுங்கிக்கொண்டது. விசாரணை முடியும்வரை என்று பேச்சு. புதன்கிழமை கூட்டம் போட்டு முடிவு சொல்வார்களாம். கார்டு போய்விட்டால் அவன் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான், பெட்டி கட்டிவிட்டதாகக் கேள்வி என்று தெய்வேந்திரன் சொன்னார். மலையை விட்டால் அவனுக்கு என்ன தெரியும்? ஒரு மனுஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறான், அவனுக்காகப் பேச இத்தனை பேரில் ஒருத்தருக்கு நாக்கு இல்லையா?

நான் உட்கார்ந்து கமிட்டிக்கு ஐந்து பக்கம் எழுதினேன். சின்னாண்டியின் நேர்மை, பொறுப்பு, இதுவரை எங்களை எத்தனை தடவை பத்திரமாகக் கூட்டிப் போயிருக்கிறான், எல்லாம் எழுதினேன். தெய்வேந்திரன் கடையில் நின்றே படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"எல்லாம் சரி டீச்சர். போட்ட தழை எங்க போச்சுன்னு இதுல இல்லையே" என்றார்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டபோது கடையில் நாலு பேர் நின்றார்கள். கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.


நவம்பர் 26, ஞாயிறு

குழு எங்கும் போகவில்லை. நானும் போகவில்லை. நாள் முழுக்க மழை. வாசலில் ஏற்றிய கார்த்திகை விளக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. நாலு தடவை ஏற்றிவிட்டு விட்டுவிட்டேன்.


நவம்பர் 27, திங்கள்

கோமதிநாயகம் சார் கண் டாக்டரைப் பார்த்துவிட்டாராம். நான் சொன்னதற்காகவே ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தாராம். அவரே போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது, இரண்டு நாளாகத் தூக்கமில்லை, அதனால்தான் போய்ப் பார்த்தேன் என்றார். நான் நல்லது சார் என்று வைத்துவிட்டேன்.

சரி. எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

வக்கீல் தூக்கி வந்தது அந்தத் தழைதான். நாவல் தழை. அடி அப்போதுதான் முறிந்து வெள்ளையாக இருந்தது. புதன்கிழமை காலை வேப்பங்கிளையை ஒடித்து எறியக் கையை ஓங்கினேன், அப்போதே தெரிந்துவிட்டது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். கயிற்றை அவிழ்த்துவிட்டது நான். நில்லுங்கள் என்றவனை விசில் ஊதிக் கிளப்பியது நான். தழையை வாங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு பிஸ்கட் கொடுத்ததும் நானேதான்.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. ஒழுங்கு ஒழுங்கு என்று ஊரையே விரட்டியவள் என்று சிரிப்பார்கள். சிரித்தால் என்ன, தலையா போகும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். போகிற மாதிரித்தான் இருக்கிறது. ஐந்து நாளாக எல்லார் மேலும் எரிந்து விழுந்தேனே, அதில் ஒரு கோபமாவது நியாயமானதா? அந்த மாவு புளிக்காததற்குப் பட்ட கோபம்தான் மிச்சம்.


நவம்பர் 29, புதன்

தெய்வேந்திரனோடு மலை ஏறினேன். வக்கீலைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. மூணுகல் பிரிவில் நான் எங்கும் பார்க்காமல் நடந்தேன்.

கமிட்டி கூட்டம் ஊர்ச் சாவடியில். தலைவரும் ஏழெட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னாண்டி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோமதிநாயகம் சார் போனில் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்கள். புகாரைப் படித்தார்கள். யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டார்.

எழுந்து நின்றேன். மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகள் முன்னால் பேசியவள், வக்கீலின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். தழை போட்டது நிஜம், சாருக்குத் தழை தெரியாததும் நிஜம், இரண்டுக்கும் நடுவில் என் நாய் எடுத்துவிட்டது, நிற்காமல் எல்லாரையும் கிளப்பியதும் நான்தான் என்று சொன்னேன். ஒரு வாரமாக எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமென்று கடைசிவரை நினைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பிறகு கோமதிநாயகம் சார் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சின்னாண்டியைக் கூப்பிடச் சொல்லி, மன்னிச்சிருங்க தம்பி என்றார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தலைவர் மேஜை டிராயரைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நானே சின்னாண்டியிடம் போனேன். உள்ளதை ஏன் மறைக்க வேண்டும், அவர் வாயால் ஒரு நன்றி வரும் என்றுதான் போனேன். முதலில் நானும் மன்னிப்புக் கேட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை குழு மறுபடியும் வருது, இனிமே பிரிவுல கடைசி ஆள் வர்றவரைக்கும் நானே நிக்கிறேன் என்றேன். அவர் கார்டைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"அன்னிக்குப் பொழுது சாய பிரிவுல போயி நின்னு பாத்தேன் டீச்சர். நான் ஒடிச்ச எடம் மரத்துல இருக்கு, கீழ தழை இல்ல. அப்பத்தான் நாயி வாயில பாத்தது ஞாபகம் வந்துச்சு. நான் சொன்னா வாயில்லாச் சீவன் மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். பத்து நாளா இருந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மறுபடியும் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரட்டும். நீங்க வரவேண்டாம் டீச்சர். நாயி வேணும்னா வரட்டும், அது தெரியாம எடுத்துச்சு."

குனிந்து வக்கீலின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.


நவம்பர் 30, வியாழன்

யாரைப் பார்த்து வரவேண்டாம் என்கிறார்? நானாகப் போய் அத்தனை பேர் முன்னால் சொல்லாமலிருந்தால் கார்டு கிடைத்திருக்குமா? முட்டிவலியோடு மலையேறிப் போய்ச் சொன்னேன். சொன்னவளுக்குத்தான் தண்டனையா? சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் நானும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஷூவைத் துடைத்துக்கொண்டிருப்பேன். நல்லதுக்குக் காலம் இல்லை.

நாயைக் கொடுக்கவும் மாட்டேன். என் நாய். நான் போகாத இடத்துக்கு அவன் எதற்கு?


டிசம்பர் 2, சனி

வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே சகிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில்தானே அவர் பெட்டி கட்டினார். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை தானாக வந்து சொன்னாலும் நான் மைதானத்தை விட்டு வெளியேதான் நிறுத்துவேன். எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன். அதில் ஒன்றாவது என்னை எதிர்த்துப் பேசியிருக்குமா? வெளியே நின்று மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முகங்களை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.


டிசம்பர் 3, ஞாயிறு

ஆறு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. தூறல். தெய்வேந்திரன் இறங்கி வந்து, குடையை மடக்காமலே, வக்கீலை அழைத்துப் போகவா டீச்சர் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேனுக்குள் மற்றவர்கள் மழை பார்க்கிறவர்கள் மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஒருத்தர் வீட்டிலும் கல்யாணம் இல்லை போல, வேன் நிறைய ஆள்.

முடியாது என்று சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். வக்கீல் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே போய்க் கயிற்றை எடுத்துவந்து கட்டினேன், கழுத்தில் உரசாமலிருக்கத் துணி சுற்றிக் கட்டினேன். பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தேன். கயிற்றை எங்கேயும் அவிழ்த்துவிடக் கூடாது, பிரிவில் கடைசி ஆள் வரும்வரை எல்லாரும் நிற்கவேண்டும் என்று சொன்னேன். சரி டீச்சர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் ஒரே தாவில் வேனில் ஏறிவிட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. துணி துவைத்தேன், காயாது என்று தெரிந்தும் துவைத்தேன். இந்நேரம் அடிவாரம், இந்நேரம் மூணுகல், இந்நேரம் காப்பி என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சேறும் சகதியுமாக வந்தான். வெந்நீர் வைத்துக் காலைக் கழுவி, விரலிடுக்கில் மூன்று அட்டைப்பூச்சி எடுத்து, காதைத் துடைத்துவிட்டேன். தெய்வேந்திரன் வாசலில் நின்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லபடியாப் போச்சு டீச்சர், ஒருத்தரும் பின்தங்கல, பிரிவுல எல்லாரும் நின்னோம் என்றார்.

சின்னாண்டி என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.